மொட்டைமாடியில் இடைத்தேர்தல்

"உங்க ஆளுங்கட்சிக்கு டெபாசிட்டே போவும், பாத்துக்கினே இருங்க" என்று அகல்யா கத்தினாள்.

"நடக்காதுங்க. எழுதி வேணா வச்சுக்கங்க" என்று மாடிப் போர்ஷன் வினோத்தும் விடவில்லை.

கீழே ஹேமாவதி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு மாடிப் பக்கம் காதைக் கொடுத்தாள். இடைத்தேர்தல் அறிவித்ததிலிருந்து தினமும் இதே கூத்து. மகளின் வாய்க்குப் பயந்து வினோத் காலி செய்துவிட்டால், இவ்வளவு ஒழுங்கான குடித்தனக்காரனுக்கு மேனாம்பேட்டில் எங்கே போவது?

பொறுக்காமல் மாடியேறினாள். மாலை வெயில் மஞ்சளாய்க் கரைந்துகொண்டிருந்தது. கொடியில் புடவை மெல்ல மிதக்க, அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன்.

"தம்பி, அது ஒரு லூசு. மனசுல வச்சிக்காதப்பா."

"பரவால்ல ஆன்ட்டி. ரிசல்ட் வரட்டும், அப்பத் தெரியும்."

ஹேமாவதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாப்பா சொல்ற? ரிசல்ட் வந்து ஒரு வாரமாச்சு. தெரு முச்சூடும் வெடி போட்டுகினு போனானுங்களே, உங்க ரெண்டு பேர் காதுலயும் வுழலியா?"

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். யார் ஜெயித்தது என்று கேட்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஹேமாவதி பயந்தது போலவே தை மாதம் வினோத் வீட்டைக் காலி செய்துகொண்டு வெள்ளானூர் போனான். அகல்யாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போனான், தாலி கட்டித்தான்.