நாலாவது சமன்பாடு

மூன்றாம் பக்கம் வந்ததும் நஸ்ரின் நிறுத்தினாள்.

நாலாவது சமன்பாடு. விறுவிறுவென்று தாண்டிப் போய்விடலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

மடிக்கணினித் திரையில், கேமராவை அணைத்துவிட்ட ஆறு கறுப்புக் கட்டங்கள். நாகர்கோவிலில் இரண்டு பேர், தூத்துக்குடியில் நான்கு பேர். எல்லோரும் புற்றுநோய் மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியல் பயிற்சிக்கு வந்தவர்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவரவர் ஊரிலிருந்தே ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சேர்ந்து படிப்பதாகப் பேச்சு. ஜர்னல் கிளப். ஆரம்பித்தவள் திருநெல்வேலி நஸ்ரின்தான்.

சேர்ந்து என்பது பெயருக்கு. ஐந்து வாரமாக அவள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தாள். "ஏதாவது கேள்வி?" என்றால் அவள் அறை மின்விசிறிதான் சத்தம் போடும்.

இன்றும் இப்படியே போனால் கிளப்பை மூடிவிட வேண்டியதுதான்.

அவள் பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் வாங்கியவள். புரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

சொல்லிவிட்டாள்.

"இது எனக்குப் புரியல. நாலு நாளா மல்லுக்கட்டுதேன்."



ஒரு மைக் திறந்தது. நாகர்கோவில் ஜெபின்.

"எனக்கும் மனசிலாவலக்கா. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சுல்லா சும்மா இருந்தேன்."

தூத்துக்குடி டெல்சியின் முகம் தெரிந்தது. கையில் கடித்த பஜ்ஜி.

"எனக்கு ரெண்டாவதே புரியலக்கா."

கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. ஏழு பேருக்கும் புரியவில்லை. யார் முதலில் சிரித்தது என்று தெரியாது.

பிறகு வேலை. ஜெபின் எண்களைப் போட்டான். டெல்சி வரைபடம் வரைந்தாள். இறங்க வேண்டிய கோடு ஏறியது.

"என்னக்கா இது?" என்று கத்தினாள் டெல்சி. "உடம்புக்குள்ள போகப் போக கதிர்வீச்சு கூடிக்கிட்டே போகுது! ஆள் தாங்குவாரா?"

நஸ்ரின் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். நாலாவது சமன்பாட்டின் அடுக்கெண்ணில் ஒரு கழித்தல் குறி இருக்க வேண்டும். அச்சில் விட்டுப்போயிருந்தது. பேனாவால் போட்டாள்.

டெல்சி மறுபடி வரைந்தாள். கோடு சமர்த்தாக இறங்கியது.

நாகர்கோவிலில் யாரோ விசிலடித்தார்கள்.

கட்டுரை எழுதியவருக்கு ஏழு பெயரும் போட்டு மின்னஞ்சல் எழுதினார்கள். 'டியர்' போடுவதா 'ரெஸ்பெக்டட்' போடுவதா என்று கால் மணி நேரம் சண்டை.

அனுப்பி முடிக்கும்போது மணி ஐந்தே கால். நஸ்ரின் மடிக்கணினியை மூடிவிட்டுத் திரும்பினாள்.

வாசலில் துறைத் தலைவர் குத்தாலிங்கம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

அவள் பதறி எழுந்தாள்.

"சத்தம் அதிகமாயிட்டா சார்?"

அவர் வராந்தாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எந்தக் கட்டுரைம்மா?"

"இன்னும் முடிவு பண்ணல சார்."

முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். அதில் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரை; தாள்கள் மஞ்சளாகியிருந்தன. ஒரு வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அதைச் சுற்றிலும், எழுதி எழுதி அழித்த தடம்.