எழுத்து மாறிய புக்மார்க்

"நாலு தடவை ஏத்தியாச்சு அக்கா. உங்க முன்னூறு புக்மார்க்கும் புதுக் கம்ப்யூட்டர்ல இருக்கு," என்றான் தில்முரோத். தாஷ்கண்ட் கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன்.

"தேடினா ஒண்ணுகூட வரலையே! பழைய கம்ப்யூட்டரையும் அழிச்சுட்டே. நாளைக்கு நான் ஆய்வேட்டைக் கொடுக்கணும். ஆறு வருஷ உழைப்பைத் தின்னுட்டியேடா!" ஆசிரியை முயஸ்ஸர் மேசையில் ஓங்கி அடித்தாள். "பாரு, ‘பள்ளி’ன்னு அடிக்கிறேன். ஒண்ணுமில்ல!"

அவன் எட்டிப் பார்த்தான்.

"நம்ம உஸ்பெக் மொழியை இப்போ எழுதற லத்தீன் எழுத்துல அடிக்கிறீங்க. சேமிச்சப்போ எந்த எழுத்துல பேர் வச்சீங்க?"

அவள் அதே சொல்லை, முன்பு உஸ்பெக் எழுதப் பயன்பட்ட பழைய ரஷ்ய எழுத்தில் அடித்தாள். எழுபது பக்கங்கள் வரிசையாக வந்து நின்றன.

"கைப்பழக்கம்," என்று முனகினாள்.

"அதுக்கா இவ்வளவு திட்டு? ஆமா, ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு?"

முயஸ்ஸர் அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

"‘உஸ்பெக் மக்கள் ரஷ்ய எழுத்தை அடியோடு மறந்த வரலாறு.’"