பாதிப் பங்கு

நாலு பேர் மாறி மாறிக் கெஞ்சியும் அர்த்தநாரி மசியவில்லை. அப்பன் ஊட்டுச் சொத்தைப் பிரிக்கிற மாதிரியல்லவா அளந்து அளந்து கொடுக்கிறான் என்று கணக்குப் பிரிவில் திட்டித் தீர்த்தார்கள்.

அவன் பிரித்துக்கொண்டிருந்தது கம்ப்யூட்டரை. மேட்டூர்ச் சாலையில் இருந்த அந்த ரசாயன ஆலைக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று. கணக்கு, கிடங்கு, சம்பளம், அத்தனையும் அதன் தலையில்தான். எந்த வேலைக்கு அதன் மூளையில் எத்தனை பங்கு என்று ஒதுக்குவது அர்த்தநாரியின் பொறுப்பு.

பாதிப் பங்கை அவன் விஷவாயுவைக் கண்காணிக்கும் புரோகிராமுக்குக் கொடுத்திருந்தான். வாயு கசிந்தால் ஆலைச் சங்கை அதுவே ஊதிவிடும். பங்கு குறைந்தால் சங்கு தாமதமாகும். அதற்குள் பிளாண்டில் நிற்பவன் கதை முடிந்துவிடும். அங்கே நிற்பவர்களில் ஒருவன் சென்றாயன், அர்த்தநாரியின் தங்கை புருசன்.

அன்று ஆயுத பூஜை. பிளாண்டை நிறுத்த முடியாது என்பதால் பூசையும் அங்கேயேதான். ஆலைச் சங்கை ஊதிக் கற்பூரம் காட்டுவதற்குள் போனஸ் சீட்டு அச்சாகியாக வேண்டும் என்று மேனேஜர் தங்கசாமியே நேரில் வந்து நின்றார்.

"சும்மா கெடக்கற புரோகிராமுக்கு எதுக்குப் பாதி? அதை எடுத்து எனக்குக் குடுப்பா."

"என்ற தங்கச்சி புருசன் அங்க நிக்கறானுங்க. வேலைய உட்டுத் தூக்குனாலும் குடுக்க மாட்டேனுங்க."

தூக்கத்தான் போகிறேன் என்று மேனேஜர் குதித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் எச்சரிக்கை வரி துடித்தது. அந்த நொடியே சங்கும் அலறியது.

மேனேஜருக்கு முகம் வெளிறிவிட்டது. நல்ல வேளை நீ கொடுக்கவில்லை என்று அர்த்தநாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. சங்கு கேட்டால் வாசலுக்கு ஓட எல்லோரையும் பழக்கி வைத்திருந்தார்கள். கொஞ்சமும் பிந்தாமல் ஊதியிருக்கிறது, இந்நேரம் தப்பியிருப்பார்கள்.

படியிறங்கி ஓடினான். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாட்ச்மேன் வீரன் எதிரே தள்ளாடி வந்தார். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"எங்கீங்க… சங்கு ஊதுனதும் பூசைன்னு கண்ண மூடிக் கும்புட்டு நின்னுட்டாங்க, சாமி."