ஒன்பதாவது வள்ளம்

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னால் போகும் ஏழாவது வள்ளத்துக்காரன் திரும்பிக் கையைத் தூக்கினான். அவனும் பதிலுக்குத் தூக்கினான்.

மூன்றாவது பொய்.

கள்ளக்கடல் வருகிறது என்று காலையில்தான் அறிவித்தார்கள். காற்று பெரிதாக இருக்காது, கடல் மட்டும் வீங்கி வரும். ஊரில் வள்ளங்களை ஏற்றி வைக்க மணல் மிச்சமில்லை. போன வருடமே கடல் தின்றுவிட்டது. ஆகவே ஒன்பது ஃபைபர் வள்ளங்கள், வள்ளத்துக்கு ஓராள், முனையைச் சுற்றித் துறைமுகத்துக்குப் போகின்றன. முதலாவதில் எல்லாரையும் நடத்திப் போகும் ததேயு. எட்டாவதில் அவன்.

ஒன்பதாவதில் அவன் அண்ணன் பெர்க்மான்ஸ்.

வரிசையைப் போட்டது ததேயு. வேண்டுமென்றே போட்டிருப்பார். ஆகாத இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதில் அந்த ஆளுக்கு ஒரு சுகம்.

கூட்டமாகப் போகும்போது ஊரில் ஒரு முறை உண்டு. ஒவ்வொருவனும் தனக்குப் பின்னால் வருகிறவனுக்குப் பொறுப்பு. திரும்பிக் கையைத் தூக்க வேண்டும். பின்னால் இருப்பவனும் கையைத் தூக்கினால், நலம். துடுப்பைத் தூக்கினால், எஞ்சின் போயிற்று. பின்னால் பார்த்துவிட்டுத்தான் முன்னால் பதில் சொல்லலாம். அப்படி ஆளுக்கு ஆள் ஏறி, செய்தி ததேயுவிடம் போய்ச் சேரும்.

மூன்று முறை போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்பதும் நலம் என்று.

திரும்பினால் அண்ணனின் முகம். அண்ணனுக்குக் கை தூக்குவதாவது!

தடை செய்த வலையைப் போட்டான் என்று இரண்டு வருடத்துக்கு முன் அவனை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தினார்கள். பதினைந்து நாள் கடலுக்குப் போகக் கூடாது என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். கூட்டம் தயங்கியது. ஒரு கை மட்டும் எழுந்தது. அது அண்ணனுடைய கை. அப்புறம் எல்லாக் கைகளும் எழுந்தன.

பதினைந்து நாள் முடிந்தது. பேச்சு திரும்ப வரவில்லை.

அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. அடிப்பலகை பல்லைக் கடித்தது. அவன் எஞ்சினின் கைப்பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தான். உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

பின்னால் இன்னொரு எஞ்சின் கேட்கிறதா?

கேட்பது போலத்தான் இருந்தது. இந்த இரைச்சலில் எதுவும் கேட்பது போலத்தான் இருக்கும்.

அண்ணனுக்கு என்ன கேடு? நீந்தப் பிறந்தவன். அதனால்தானே அவனைக் கடைசியில் விட்டிருக்கிறார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் யாருமில்லை.

அவனைப் பார்க்கவும் ஒரே ஆள்தான்.

ஏழாவது வள்ளத்துக்காரன் மறுபடி திரும்பினான். கையைத் தூக்கினான்.

அவன் கை பாதி எழுந்து நின்றது.

திரும்பினான்.

தண்ணீர்.

மேடும் பள்ளமுமாக வெறும் தண்ணீர். அடுத்த அலை அவனைத் தூக்கியபோது எம்பிப் பார்த்தான். தூரத்தில், கரைப்பக்கம், முனையின் பாறைகள் நுரைத்துக் கொண்டிருந்தன. அவற்றுக்கு இந்தப் புறம் வெள்ளையாக ஒரு வள்ளம், அலைக்குக் குறுக்கே கிடந்தது.

எஞ்சின் ஓடும் வள்ளம் அப்படிக் கிடக்காது.

அதில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கையை உயர்த்தியபடி.

துடுப்பை அல்ல. கையை.

அவன் தன் துடுப்பைப் பிடுங்கி ஏழாவது வள்ளத்துக்குத் தூக்கிக் காட்டினான். இரண்டு அலைகளுக்கு நடுவே வள்ளத்தைத் திருப்பினான். ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் ஏறி முழங்காலை நனைத்தது. எஞ்சினை அலற விட்டான். யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே திட்டிக்கொண்டு போனான்.

கிட்டே போனபோது அண்ணன் இன்னும் அதே கையோடு நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ரொம்ப நேரமாக அப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

துடுப்பு அண்ணனின் காலடியிலேயே கிடந்தது.

பாறைக்கு நாலு வள்ள நீளம்கூட இல்லை.

"நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றான் அண்ணன். "நீ எதுக்குலே திரும்பி வந்த?"

வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது. கயிற்றை வீசினான். முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதை அண்ணன் பிடித்தான். பிடித்ததும் குனிந்து, தன் வள்ளத்தின் முனையில் கட்டினான். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. முடிச்சை இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

கயிறு விறைத்தது. இரண்டு வள்ளங்களும் மெல்ல, மிக மெல்ல, பாறையை விட்டு விலகின.

தூரத்தில் ஏழு வள்ளங்களும் இவர்கள் பக்கம் திரும்பி நின்று காத்திருந்தன.

முனை தாண்டும்போது அவன் திரும்பிப் பார்த்தான். இந்த முறை நன்றாகத் திரும்பி, முகத்தைப் பார்த்து, கையைத் தூக்கினான்.

அண்ணன் கை எழவில்லை.

அலை ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவன் கையை இறக்காமல் வைத்திருந்தான்.

அண்ணன் குனிந்தான். காலடியில் கிடந்த துடுப்பை எடுத்தான். இரண்டு கைகளாலும் பிடித்து, முடிந்த மட்டும் உயரத் தூக்கினான்.

துறைமுகம் வரும்வரை அதை இறக்கவில்லை.