சபியா கேட்ட பௌதிகம்

ஏலக்காய் மண்டியின் கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் மத்தியான வெயிலில் தூசி மிதக்கிறது. இண்டர்மீடியட் தேறிய சபியா, முக்காடு தோளில் சரிந்ததுகூடத் தெரியாமல், தன் அத்தா மஸ்தான் ராவுத்தர் முன்னால் நிற்கிறாள். நேற்று மதுரைக்குப் போனவர், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கல்லூரியில் ஹோம் சயின்ஸில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். “பௌதிகம்னு எத்தனை தடவ சொன்னேன் அத்தா? சோறாக்க நான் மதுரைக்குப் போகணுமா?” அவள் குரல் கோபத்தில் உயர்கிறது. ராவுத்தர் சல்லடையை உலுக்கிக்கொண்டே இருக்கிறார். காய்கள் சடசடவென்று புரள்கின்றன. “அந்த வகுப்புல பூராம் ஆம்பளப் பயலுக. ஒத்தப் பொண்ணா உக்காருவியா?” “உக்காருவேன்.” சாம்பிள் காயை முகர்ந்துகொண்டிருந்த வெளியூர் வியாபாரி சிரிக்கிறார். “பொட்டப்புள்ள நட்சத்திரத்த எண்ணி என்ன செய்யப் போகுது பாய்? காலாகாலத்துல கட்டிக் குடுங்க.” சல்லடை நிற்கிறது. ராவுத்தரின் கழுத்து நரம்பு புடைக்கிறது. “எம்மக படிப்பப் பத்திப் பேச நீ யாருய்யா? அவளுக்குத் தெரியாதா? காயக் கீழ வச்சிட்டு எந்திரி!” வியாபாரி வெலவெலத்து வெளியேறுகிறார். சபியா அத்தாவின் முகத்தையே பார்க்கிறாள், கண் இமைக்காமல். அவர் முதலில் தரையைப் பார்க்கிறார், பிறகு வாசலை. சல்லடையைச் சாக்கின் மேல் வீசுகிறார், காய்கள் சிதறுகின்றன. “வெரசாக் கெளம்பு, ரயிலு போயிரும். பௌதிகத்துக்கு மாத்தச் சொல்லி அந்தப் பிரின்சிபால்ட்ட நீயே பேசு. எனக்கு வாய் வராது.” அவள் முகத்தில் சிரிப்பில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவருக்கு முன்னால் தெருவில் இறங்குகிறாள்.