ஆள் இல்லாத வாக்கியம்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். அதனால் செய்த ஆளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கியது நான்.

தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வகத்தில் எனக்குத் துப்புரவு வேலை. அன்று சாயங்காலம் தரை காயவே இல்லை. யாராவது வழுக்கி விழுந்தால் என் தலைதானே உருளும்? ஃபேன் போடலாம் என்று ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப மாட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அது ஃப்ரிட்ஜின் பிளக். உள்ளே நாற்பது கிணற்றுத் தண்ணீர், நாற்பது பாட்டில். காலையில் பார்த்தால் அத்தனையும் வீண்.

"நான்தான் மேடம்" என்று, பரிசோதனை செய்கிற மேடத்திடம் அழுதேன்.

மேடம் நேரே ஆய்வகத் தலைவருக்கு, அதான் பெரியவருக்கு, அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார்.

மேடம் எழுதினால் அதில் நான் வராமல் இருக்க மாட்டேன். அவருக்கு ஆய்வகத்தில் 'யாரு மேடம்' என்றுதான் பெயர். அங்கே அறிக்கையெல்லாம் இங்கிலீஷில். 'தண்ணீர் எடுக்கப்பட்டது, சூடாக்கப்பட்டது' என்கிற மாதிரி ஆளைச் சொல்லாமல் யாராவது எழுதினால் போதும், சிவப்புப் பேனாவால் ஒரே அடி. பக்கத்தில் 'யாரு?' என்று ஒரு கேள்வி.

மேடத்தின் உதவியாளர் எனக்காகப் போய் நின்றார். சோடாபுட்டிக் கண்ணாடி, நல்ல மனசு.

"மேடம், 'பிளக் பிடுங்கப்பட்டது'ன்னு முடிச்சிடுங்களேன். அக்காவை எதுக்கு இழுக்கணும்?"

"பிடுங்கினது யாரு? பேயா?"

"ஆராய்ச்சின்னா அப்படித்தானே எழுதறாங்க? யாரு செஞ்சா என்ன மேடம், என்ன நடந்துச்சுங்கறதுதானே முக்கியம்?"

"எதுவும் தானா நடக்கல. ஆளை ஒளிச்சு எழுதற இங்கிலீஷ் எனக்கு வராது. போய் வேலையைப் பாருங்க."

கல்நெஞ்சம்! மூன்று வருடமாக அந்த மேஜையைத் துடைக்கிற கை இது. ஒரே ஒரு வரியில் என்னை ஒளித்து வைத்தால் குறைந்தா போய்விடுவார்? மனசுக்குள் திட்டிக்கொண்டே வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். வேலை போனாலும், வாளி அழுக்கு என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது.

மதியம் அறிக்கையைப் பெரியவர் அறைக்கு எடுத்துப் போன சோடாபுட்டி, வழியில் நின்று எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார்.

"'அறையைத் துடைப்பவர் பிளக்கைப் பிடுங்கினார்.'"

"போச்சு! எழுதியே எழுதிட்டாங்களா?" கவிழ்த்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இருங்கக்கா, இன்னும் இருக்கு." அவர் குரல் இறங்கியது. "'பிடுங்கக் கூடாது என்று நான் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினேன். அவருக்கு அதைப் படிக்க வருமா என்று மூன்று வருடமாக நான் கேட்கவில்லை. தண்ணீரை நான்தான் கெடுத்தேன். நாற்பது கிணற்றுக்கும் நானே மறுபடி போகிறேன்.'"

பிளக்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அந்த அட்டையா! ஏதோ கம்பெனி பேர் என்றல்லவா நினைத்தேன்! தினமும் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேனே!

மேடம் முன்னால் போய் நின்றேன்.

"இப்படி உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிட்டீங்களே மேடம். பெரியவர் என்ன சொல்லுவாரோ..."

"செஞ்ச ஆளைத்தானே எழுதினேன்? திட்டினா என்னைத் திட்டட்டும். நீங்க நாளைக்கு வழக்கம்போல வாங்க."

ஒரு புது அட்டையும் அந்தச் சிவப்புப் பேனாவும் என் பக்கம் நகர்ந்து வந்தன.

"உங்களுக்குப் புரியற மாதிரி நீங்களே எழுதி ஒட்டுங்கம்மா."

பேனாவை எடுத்தேன். நான் எழுதுவதையும் மேடம் அடித்துவிட்டு 'யாரு?' என்று கேட்டால்? எதற்கு வம்பு என்று ஆளை முதலில் போட்டு எழுதினேன்.

'நான் இந்தப் பிளக்கைப் பிடுங்க மாட்டேன்.'

கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன்.