சிவப்புப் பலகை

கனடாவின் மேற்கே, ஆல்பர்ட்டாவின் அந்தச் சிற்றூரில் சிவப்புக் கட்சிக்குத் தேர்தல் பலகை நட்டவள் ஆர்லீன் ஒருத்திதான். இரண்டு முறை அதை யாரோ பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இன்று காலை, மூன்றாம் முறை நட்டிருந்த பலகையடியில் பூட்ஸ் தடமும் ஒரு தோல் கையுறையும் கிடந்தன. கையுறையில் எதிர்வீட்டு லெஸ்டர் தன் மாடுகளுக்குப் போடும் சூட்டுக்குறி இருந்தது. அவன் வீட்டுப் புல்வெளியில் கதவு அகலத்துக்கு நீலக் கட்சிப் பலகை.

நேரே அவன் வாசலுக்குப் போய்க் கையுறையை நீட்டினாள். "இது உன்னுதுதானே?"

"ஆமா. தேடிட்டிருந்தேன்." வாங்கிக்கொண்டான்.

"வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட வேண்டியது உன் கட்சி. எங்க எண்ணெய்க் காசு மட்டும் இனிக்கும், எண்ணெயைக் கொண்டுபோகக் குழாய் போட விடாது. நாங்க போட்ட ஓட்டை எண்றதுக்குள்ள கிழக்கு மாகாணங்கள்லயே ஆட்சி முடிவாயிடுது. மேற்கே மனுஷங்க இருக்கோம்னே தலைநகர் ஒட்டாவாவுக்குத் தெரியாது."

"அதுக்கு என் பலகையைப் பிடுங்குவியா?"

"இப்ப நீயே போய்ப் பிடுங்கிப் பாரேன்."

ஆர்லீன் திரும்பி வந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். பலகை அசையவில்லை. அதன் பின்னால் மாட்டு வேலிக்கு அடிக்கும் இரும்புத் தூண் ஒன்று ஆழமாக இறங்கியிருந்தது. பலகையை அதோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து லெஸ்டர் குரல் கொடுத்தான். "தூண் என்னுது. நீங்க தோத்த மறுநாள் திருப்பிக் குடுத்துடு."

"ஏன் லெஸ்டர் இப்படிப் பண்ணினே?"

அவன் கையுறையை மாட்டிக்கொண்டான்.

"என் பேச்சை யாரும் காதுல வாங்கலைன்னு ஆயுசு பூரா கத்திட்டிருக்கேன். உன் வாயை மட்டும் எவனும் அடைக்க விட்டுருவேனா?"